மின்னழுத்தமானியும் வால்யூம் திருகும்: ஒரு பழைய பாக்கி

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள். என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்குச் சில இடங்கள் பழைய வகுப்பறை மாதிரியே இருக்கும். தூங்கிவிட வேண்டாம். கடைசியில் என் மேலேயே ஒரு புகார் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை லால்பேட்டையிலிருந்து ஒரு பழைய மாணவர் வீட்டுக்கு வந்திருந்தார். 1984-ல் பிளஸ் டூ முடித்தவர். வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறார். பெயர் போடவில்லை, யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம். கூடவே கடைக்குட்டி மகன். சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கிறான், கிடார் வாசிக்கிறான். கடையில் விற்கும் கிடார் ஆம்ப்ளிஃபயர் விலை கட்டுப்படியாகவில்லை என்று 5 வாட்டில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தானே கட்டுகிறானாம். ரிச்சி தெருவில் வாங்கிய பன்னிரண்டு ‘பாட்’ ஒரு பாலிதீன் பையில் இருந்தன.

பாட் என்றால் வால்யூம் கன்ட்ரோல். முழுப் பெயர் பொட்டென்ஷியோமீட்டர்.

“டிஜிட்டல் மீட்டர் எங்ககிட்டயே இருக்கு சார். ஆனா இதுக்கு ஊசி ஓடுற மீட்டர்தான் நல்லாருக்கும். உங்ககிட்ட ஒரு சான்வா இருந்துச்சே?” என்றார் அவர்.

இருக்கிறது. 1987-ல் என் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அந்த வருஷம் எல்லார் வீட்டுக்கும் டேப் ரெக்கார்டர் வந்தது, எனக்கு மட்டும் மல்டிமீட்டர் வந்தது என்று என் வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே பேட்டரி மாற்றி, திண்ணையில் உட்கார்ந்தோம்.

சோதனைக்குப் போகும் முன் இந்தப் பாகத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனுக்கும் அன்றைக்கு அதைத்தான் சொன்னேன்.

பிளஸ் டூ செய்முறையில் மின்னழுத்தமானி ஞாபகம் இருக்கிறதா? நீளமான பலகை. அதில் ஒரு மீட்டர் நீளத்தில் பத்துக் கம்பிகள், ஆக மொத்தம் பத்து மீட்டர். ஒரு தொடுசாவி, ஒரு கால்வனோமீட்டர். ஒரு பக்கம் லெக்லாஞ்சி மின்கலம், இன்னொரு பக்கம் டேனியல் மின்கலம். சாவியைக் கம்பி மேல் அங்கங்கே தொட்டுப் பார்த்து, ஊசி அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நீளங்களின் விகிதம்தான் இரண்டு மின்கலங்களின் மின்னியக்கு விசைகளின் விகிதம். பாதிப் பேர் பக்கத்து மேசையைப் பார்த்துத்தான் அளவு எழுதினீர்கள். எனக்குத் தெரியும்.

இந்த முறையைத் தந்தவர் பெர்லினில் இருந்த போகன்டார்ஃப். ஆண்டு 1841. அவருக்கு இருந்த பிரச்சினை எளிமையானது. ஒரு மின்கலத்தின் அழுத்தத்தை அளக்க மீட்டரை இணைத்தால், அந்த மீட்டரே கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். அளக்கப் போன பொருளின் அளவே மாறிவிடும். அதனால் அவர், ஒரு கம்பியில் தெரிந்த அழுத்தத்தை ஏற்படுத்தி, அதில் தேவையான பங்கை மட்டும் தொட்டு எடுத்து, மின்கலத்துக்கு எதிராக நிறுத்தினார். இரண்டும் சமமானால் ஓட்டமே இருக்காது. ஓட்டம் இல்லாதபோது கிடைப்பது உண்மையான அளவு.

இதில் முக்கியமான சொல் ‘பங்கு’. நம் வீராணம் ஏரிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். கரையின் உச்சியிலிருந்து அடி வரைக்கும் உள்ள உயரம்தான் மொத்த அழுத்தம். அதில் எந்த உயரத்தில் மதகு வைக்கிறோமோ அதற்கு ஏற்ற வேகத்தில் தண்ணீர் வரும். மேலே வைத்தால் மெல்ல வரும். அடியில் வைத்தால் பீறிட்டு வரும். கம்பி மேல் தொடுசாவியை நகர்த்துவதும் மதகை மேலும் கீழும் நகர்த்துவதுதான்.

அந்தப் பத்து மீட்டர் கம்பியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் குதிரை லாட வடிவத்தில் கரி பூசிய ஒரு பட்டையை வையுங்கள். தொடுசாவிக்குப் பதில், நடுத்தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு தகடு. வெளியே மூன்று கால்கள்: இரண்டு ஓரக்கால்கள் பட்டையின் இரண்டு முனைகள், நடுக்கால் அந்தத் தகடு. இதுதான் ரேடியோவில் நீங்கள் திருகும் வால்யூம் கன்ட்ரோல். பாட்டின் மொத்த அழுத்தத்தில் எவ்வளவு பங்கு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று உங்கள் விரல் முடிவு செய்கிறது. ஆய்வகத்தில் அளக்கப் பிறந்த கருவி, வீட்டில் கட்டுப்படுத்தும் கருவியாகிவிட்டது. பெயரில் மட்டும் ‘மீட்டர்’ அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர். லண்டனில் தபால் துறையில் மெக்கடீ என்று ஒரு பொறியாளர். தந்தி, தொலைபேசி வேலைக்கு மின்னோட்டத்தை அளக்க ஒன்று, அழுத்தத்தை அளக்க ஒன்று, தடையை அளக்க ஒன்று என்று தனித்தனிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தார். ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘அவோ’ மீட்டர் என்று 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊர் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சிலர் எந்த மல்டிமீட்டரையும் ‘அவோ மீட்டர்’ என்றே சொன்னது இதனால்தான்.

கிடார் ஆம்ப்ளிஃபயரின் கதையும் ரேடியோ ரிப்பேர் கடையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் 1938-ல் ஒரு ரேடியோ சர்வீஸ் கடை திறந்தார். அக்கம்பக்கத்து இசைக் கலைஞர்கள் பழுதுபார்க்கக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர்களைப் பார்த்துப் பார்த்து, தானே செய்ய ஆரம்பித்தார். 1946-ல் அது ஃபெண்டர் கம்பெனி ஆயிற்று. 1962-ல் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் ஒரு மாடலை அடிப்படையாக வைத்துத் தன் முதல் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க மேடைகளில் நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டிகளின் பூர்வீகம் இவ்வளவுதான்: ஒரு ரிப்பேர் கடை, ஒரு டிரம் கடை.

நம் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் கிடாருக்காக வரவில்லை, பேச்சுக்காக வந்தது. மோத்வானி குடும்பத்தின் ‘சிகாகோ ரேடியோ’ ஒலிபெருக்கிகள் காங்கிரஸ் மேடைகளில் காந்தியடிகளின் குரலைக் கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோயின. டெல்லியில் 1940-ல் அஹுஜா தொடங்கியது. நம் கல்யாண வீடுகளில் நாம் பார்த்த ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும். தென்னை மரத்தில் குழாய் கட்டி, விடியற்காலையில் நாகூர் ஹனிபாவின் இசைத்தட்டைப் போட்டால் நிக்காஹ் வீடு எது என்று வழி கேட்க வேண்டியதில்லை. ‘அன்னக்கிளி’ வந்தது 1976-ல். இளையராஜாவே கிடார் வாசிப்பவர். அவர் பாட்டுகளை மேடையில் வாசிக்க, அதற்குப் பிறகு நான் பார்த்த இன்னிசைக் குழுக்களில் எல்லாம் ஒரு எலக்ட்ரிக் கிடார் இருந்தது. தனி கிடார் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் பணம் இல்லாதவர்கள் மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலேயே கிடாரைச் செருகினார்கள். திருகும்போது ‘கர கர’ என்று ஒரு சத்தம் வரும். அது பாட்டின் குரல். பாட்டு அல்ல, பாட்.

சரி, திண்ணைக்கு வருவோம். செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, பழைய ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில், பாட் தனியாக இருக்க வேண்டும். சர்க்யூட்டில் இருக்கும்போது அளந்தால் மற்ற பாகங்களும் பக்க இணைப்பாகச் சேர்ந்து தப்பான அளவு காட்டும். குறைந்தது இரண்டு கால்களின் இணைப்பையாவது கழற்ற வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. உள்ளே 300 வோல்ட், அதற்கு மேலும் இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். ஒரு தடை வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அந்தப் பையனிடம் இதை மூன்று முறை சொன்னேன். நான்காம் முறை அவன் அத்தா சொன்னார்.

அடுத்து மீட்டரை ஓம் பக்கம் திருப்பி, இரண்டு முனைகளையும் ஒன்றாக முட்டவைத்து ஊசியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மீட்டரில் ஒரு சின்னத் திருகு உண்டு. அந்தத் திருகும் ஒரு பாட்தான். ஒரு பாட்டைச் சோதிக்க இன்னொரு பாட் வேலை செய்கிறது.

முதல் சோதனை: இரண்டு ஓரக்கால்கள். 500 கே என்று எழுதியிருந்தால் சரியாக 500 காட்ட வேண்டும் என்பதில்லை. சாதாரணமாக இவற்றுக்கு 20 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் உண்டு. 400-லிருந்து 600 வரை எது வந்தாலும் நல்லதுதான். முனைகளை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. நம் உடம்பின் தடையும் சேர்ந்து அளவைக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது: நடுக்காலும் ஒரு ஓரக்காலும். தண்டை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப வேண்டும். ஊசி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, வழுக்கிக்கொண்டு போவது போல மொத்த அளவு வரை போக வேண்டும். நடுவில் துள்ளினால் அங்கே கரி தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. இங்கேதான் ஊசி மீட்டரின் அருமை தெரியும். டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். கண்ணிமைக்கும் நேரத்துத் துள்ளலை அது பார்க்காமலே விட்டுவிடும்.

மூன்றாவது: தண்டைச் சரிபாதியில் நிறுத்தி, இடப்பக்க ஓரக்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே அளக்க வேண்டும். பாதியில் பாதி காட்டினால் அது லீனியர். பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் அது லாக், அதாவது மடக்கை வகை. 500 கே லாக் பாட்டில் சுமார் 50-லிருந்து 75 கே வரும். வால்யூமுக்கு லாக் ஏன்? நம் காது அப்படி. இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தியோடு இன்னொன்று சேர்ந்தால் வித்தியாசம் தெரியும், நூறோடு ஒன்று சேர்ந்தால் தெரியாது. சத்தமும் அப்படித்தான். ஆற்றலைப் பத்து மடங்கு கூட்டினால்தான் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். புலனுணர்வுக்கும் மடக்கைக்கும் உள்ள இந்த உறவை ஃபெக்னர் 1860-லேயே எழுதினார். லீனியர் பாட்டை வால்யூமுக்குப் போட்டால் தொட்டவுடன் அலறும், பிறகு எவ்வளவு திருகினாலும் பெரிதாக மாற்றம் தெரியாது.

இன்றைக்கு விற்பவற்றில் ‘ஏ’ என்று இருந்தால் லாக், ‘பி’ என்று இருந்தால் லீனியர். பழைய சரக்கில் இது தலைகீழாகவும் இருக்கும். எழுத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

நான்காவது: மேல் கவசத்துக்கும் ஒவ்வொரு காலுக்கும் இடையே ஊசி அசையவே கூடாது.

பன்னிரண்டில் ஒன்பது தேறின. ஒன்றில் முக்கால் திருகில் ஊசி துள்ளியது. ஒன்று ‘ஏ’ என்று முத்திரை போட்டுக்கொண்டு உள்ளே லீனியராக இருந்தது. ஒன்றில் ஓரக்கால் கவசத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பினேன்: மீட்டரில் நல்லதாகத் தேறிய பாட்டும் ஆம்ப்ளிஃபயரில் கரகரத்தால், பாட்டைத் திட்டாதே. அதற்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டர் கசிந்து, நேர்மின்னழுத்தம் பாட்டுக்குள் வருகிறதா என்று பார். குற்றம் ஒரு இடம், சத்தம் இன்னொரு இடம்.

அதைச் சொன்னபோதுதான் அவர் சிரித்தார். “சார், ஒரு விஷயம் சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?” என்று ஆரம்பித்தார்.

1984. பிளஸ் டூ செய்முறை வகுப்பு. மின்னழுத்தமானி சோதனை நடந்துகொண்டிருக்கிறது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வால்யூம் கன்ட்ரோலை எடுத்து, கால்வனோமீட்டரோடு இணைக்கப் பார்த்திருக்கிறார். அவர் அத்தாவின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் விட்டு விட்டு வந்ததாம். பாகம் இதுதானா என்று சந்தேகம். கடையில் மீட்டர் கிடையாது. ரேடியோ மெக்கானிக் இதை ‘பொட்டென்ஷியோமீட்டர்’ என்று சொன்னதைக் கேட்டிருக்கிறார். பாடத்திலும் அதே பெயர். ஆகவே ஆய்வகத்தில் சோதித்துவிடலாம் என்று கழற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

“இதுவும் அதுவும் ஒண்ணா சார்னு உங்கள கேட்டேன். ‘அது வேற, இது வேற. பரீட்சைக்கு வர்றத மட்டும் செய்’னு சொல்லிட்டு, அதை வாங்கி மேசை டிராயர்ல போட்டுட்டீங்க. என்னை வெளிய நிக்க வச்சீங்க.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதைத் திரும்பக் கேட்க அவருக்குப் பயம். இரண்டு நாளில் அவர்களுக்கு ஒரு கல்யாண புக்கிங். ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் கன்ட்ரோல் இல்லை. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, அந்தக் கல்யாணத்துக்கு வேறு மைக் செட் போயிற்று. “அத்தாகிட்ட செம அடி சார்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். பிறகு மெதுவாக, “அதுக்கப்புறம் லேப்ல நான் எதையும் தொடல சார். பக்கத்துல இருக்கறவன் செய்வான், நான் எழுதிப்பேன்” என்றார்.

மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கதையை அவனும் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டான் போல.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அடி மட்டும் அல்ல. ஓம் அளக்கும்போது மல்டிமீட்டருக்குள் வேலை செய்வது என்ன? ஒரு மின்கலம், ஒரு ஊசி மீட்டர், ஒரு தடை. அன்றைக்கு என் மேசை மேல் லெக்லாஞ்சி மின்கலம் இருந்தது, கால்வனோமீட்டர் இருந்தது, தடைப்பெட்டி இருந்தது. மூன்றையும் தொடராக இணைத்து, அந்தப் பாட்டை நடுவில் வைத்துத் திருகச் சொல்லியிருந்தால், ஊசி துள்ளுகிறதா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஒரு வகுப்புக்கே ஓம் விதியும் மின்னழுத்தமானியும் ஒரே நாளில் புரிந்திருக்கும். போகன்டார்ஃபின் பெயரை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிய நான், அவருடைய கருவி லால்பேட்டை மைக் செட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு மாணவன் கண்டுபிடித்துக்கொண்டு வந்தபோது அவனை வெளியே நிறுத்தினேன். ‘அது வேற, இது வேற’ என்றது தப்பான விடை. பரீட்சையில் எழுதியிருந்தால் நானே பூஜ்யம் போட்டிருப்பேன்.

மறுநாள் அவருக்குப் போன் செய்து, “நான் சொன்னது தப்புப்பா, இரண்டும் ஒண்ணுதான்” என்றேன். “தெரியும் சார், அங்க போய் வேலை கத்துக்கிட்டப்பவே தெரிஞ்சுது” என்றார். அவருக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. எனக்கும் வரவில்லை.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். மின்னழுத்தமானி பாடம் வரும்போது ஒரு பழைய வால்யூம் கன்ட்ரோலை எடுத்துக்கொண்டு போங்கள். கவசத்தை நெம்பித் திறந்து, உள்ளே கரிப் பட்டையைக் காட்டுங்கள். ஏதாவது பிள்ளை சட்டைப் பையிலிருந்து எதையாவது எடுத்தால், முதலில் என்ன என்று கேளுங்கள்.

சான்வா மீட்டரை அந்தப் பையனிடமே கொடுத்துவிட்டேன். மைத்துனர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் முடிந்ததும் கிடாரோடு வந்து நம் திண்ணையில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். கரகரத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அனைவரும் நலமாக இருங்கள்.